இருட்டோடைச் சீட்டி

நெல்லிமரத்தூர்,
சவ்வாது மலை.
25-7-1963

வாணியம்பாடி கடுக்காய் மண்டி சனாவுல்லா சாயபு அவர்களுக்கு, மலைமேல இருந்து அம்மாக்கண்ணு எழுதுறது.

இங்க நாங்க சொகம். உங்க வூட்டுக்காரம்மா பத்ருன்னிசா சொகமா இருக்கணும். உங்க சொகத்த நான் கேக்கல. பதிமூணு வருசமா கேக்கல. முன்னெல்லாம் அண்ணேன்னு ஆரம்பிப்பேனே, இப்ப சாயபுன்னு இருக்குதேன்னு பாத்திருப்பீங்க. அது கை தவறி எழுதினது இல்ல.

பாதிரியார் பள்ளியில ரெண்டு வருசம் படிச்ச படிப்பு. எழுத்து கோணலாத்தான் இருக்கும். பொறுமையா எழுத்துக் கூட்டிப் படிங்க. விசயம் நேராத்தான் இருக்கு.

என் பேத்தி செந்தாமரைக்குக் கல்யாணம் பேசியிருக்கு. நீங்க கடைசியா வந்தப்போ மூணு வயசு. உங்க தாடியப் புடிச்சுத் தொங்கினவ. இப்போ பதினாறு முடியுது. அடுத்த மலைப் பையன், நல்ல உழைப்பாளி. தை மாசம் முகூர்த்தம். எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியும். பந்தல்ல பொண்ணோட அப்பன் கையால தண்ணி ஊத்திக் குடுக்கணும். அப்பன் உசிரோட இருக்கிறப்போ வேற கை ஊத்தினா செல்லாதுன்னு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க சொல்லிப்புட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன்.

என் மகன் சக்கரவர்த்தி எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. செங்கத்துல கடலை மில்லுல மூட்டை தூக்குறான். ஜெயிலுக்குப் போனவன்னு ஊர்ல தள்ளி வெச்சிருக்காங்க. அவனுக்கு நெருப்பு குடுக்கக் கூடாது, அவன் கையால தண்ணி வாங்கக் கூடாது. வருசத்துக்கு ரெண்டு தரம் செங்கம் சந்தையில மூட்டைங்களுக்கு நடுவுல நின்னு பொண்ணப் பாத்துட்டுப் போறான். அவன் பொஞ்சாதி சின்னக்குழந்தை, அவன் உள்ள இருக்கிறப்பவே காய்ச்சல்ல போய்ட்டா. அவளுக்குக் கொள்ளி வெச்சது நான்.

நீங்க மறந்திருந்தா நான் சொல்றேன். அம்பதாம் வருசம், ஆவணி. குருவி பிடிக்க வந்து எங்க வூட்ல தங்கியிருந்தீங்க. விடியற நேரம் இருட்டோடையில இருந்து சீட்டி கேட்டுச்சு. அங்க சந்தனமரம் வெட்டிக்கினு இருந்தவனுங்க ஓடிப்போய்ட்டானுங்க. காட்டுக் காவலர் தேவராஜ் போய்ப் பாத்தா, அங்க நின்னது காணாம போன கெடேரிக் கன்னத் தேடிப் போன என் மகன். சீட்டியடிச்சு ஆளுங்கள உஷார் பண்ணினது இவன்தான்னு கேஸ் ஆச்சு. அது ஓடைக்குருவி சத்தம்னு அவன் சொன்னான். நானும் சொன்னேன். பெத்தவ பேச்சு எடுபடலை. குருவிங்க விசயம் தெரிஞ்சவர், பொதுவான ஆளுன்னு உங்கள கோர்ட்ல சாட்சியா ஏத்தினாங்க. நீங்க இன்னா சொன்னீங்க? இது மனுசன் அடிச்ச சீட்டின்னு சொன்னீங்க. பதினெட்டு மாசம் குடுத்தாங்க.

இப்போ ஊர்ப் பஞ்சாயத்து பண்ற நாட்டார் தீர்த்தகிரிகிட்ட போய்க் கேட்டேன். யாரு வாயால ஒருத்தன் வெளியில போனானோ, அந்த வாயே புங்கமரத்தடிக்கு வந்து ஊர் முன்னாடி திருப்பிச் சொன்னா உள்ள சேத்துக்கலாம்னார். தேவராஜ் செத்துப் போய்ட்டார். அன்னைக்குக் கேட்டவங்கள்ல மிச்சம் இருக்கிறது நீங்களும் நானும்தான்.

மலைக்கு வாங்க. இருட்டோடையில உக்காந்து அந்தக் குருவியக் கேளுங்க. அப்புறம் மரத்தடிக்கு வந்து சொல்லுங்க. புரட்டாசி போச்சுன்னா குருவி வாய மூடிக்கும். அதுக்குள்ள வரணும்.

அம்மாக்கண்ணு


வாணியம்பாடி
6-8-1963

அன்புத் தங்கை அம்மாக்கண்ணுக்கு, அண்ணன் சனாவுல்லா சலாம் சொல்லி எழுதுவது.

நீ என்னை எப்படி அழைத்தாலும் நான் தங்கை என்றுதான் எழுதுவேன். உன் கடிதத்தைப் பத்ருன்னிசா எனக்கு முன்னால் பிரித்துவிட்டாள். மண்டிக்கு வந்து, உங்கள் தங்கை எழுதியிருக்கிறாள், உட்கார்ந்துகொண்டு படியுங்கள் என்றாள். உட்கார்ந்துதான் படித்தேன்.

செந்தாமரைக்குக் கல்யாணம் என்பது என் மனதுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. சின்னக்குழந்தை போன செய்தி இப்போதுதான் தெரிந்தது. அல்லாஹ் அவளுக்கு நல்லது செய்யட்டும்.

அம்மா, நான் அன்று பொய் சொல்லவில்லை. இதை நீ நம்ப வேண்டும். நாற்பது வருடமாகப் பறவை வளர்க்கிறேன். குரல் உடம்பை மீறாது. தேன்சிட்டு கட்டைவிரல் அளவு, அதன் குரல் ஊசி போல இருக்கும். கொண்டைக்குருவி அதைவிடப் பெரிது, குரலும் அதற்கேற்ப இறங்கும். கௌதாரி இன்னும் பெரிது. செம்போத்து காக்கை அளவு, குடத்துக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்டால் கூண்டை எவ்வளவு பெரிதாகச் செய்யவேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் ஓடைக்குருவியை நான் அருவியில் பார்த்திருக்கிறேன். கறுப்பு, தோளில் நீலம் மின்னும், மைனாவைவிட ஒரு சுற்றுப் பெரிது. அது கத்துவதையும் கேட்டிருக்கிறேன். தகரத்தில் ஆணி கீறுவது போல 'க்ரீ' என்று இருக்கும். அன்று விடியலில் கேட்ட சீட்டி அப்படியா இருந்தது? எவ்வளவு தணிந்து, எவ்வளவு நீளமாக வந்தது. மூன்று படி ஏறும், நான்காவதில் பாட்டு மறந்துபோனவன் போல நிற்கும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும். வேலைவெட்டி இல்லாத வாலிபன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அடிப்பது போல. மைனா அளவுத் தொண்டையில் அது எப்படி வரும்? வராது என்று தோன்றியது. தோன்றியதைச் சொன்னேன்.

எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. முழங்கால் மடங்குவதில்லை, மடங்கினால் நிமிர்வதில்லை. மலை ஏறும் உடம்பு இல்லை. ஆனால் சக்கரவர்த்தி என் கண்முன்னால் வளர்ந்தவன். உனக்கு என்ன வேண்டுமோ சொல், எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். பறவை என்றே எழுதுகிறேன். உன் நாட்டாரிடம் காட்டு.

செந்தாமரைக்கு ஒரு பட்டுப்புடவை சந்தைக்கு வந்த உங்கள் ஊர்ப் பஞ்சாட்சரத்திடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பத்ருன்னிசா தேர்ந்தெடுத்தது.

உன் அண்ணன்,
சனாவுல்லா


நெல்லிமரத்தூர்
19-8-1963

சனாவுல்லா சாயபுக்கு, அம்மாக்கண்ணு எழுதுறது.

பொடவையத் திருப்பி அனுப்பியிருக்கேன். மடிப்பு கலையல. செந்தாமரை ஒரு நிமிசம் கன்னத்துல வெச்சுப் பாத்தா, அவ்வளவுதான். அவ அப்பன் பந்தல்ல நின்னா நூல் பொடவை போதும்.

பறவைன்னே எழுதித் தர்றேன்னு எழுதியிருக்கீங்க. இத எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு? மனசுக்குள்ள மனுசன்னு வெச்சுக்கினு காகிதத்துல பறவைன்னா, அது எனக்குப் போடுற பிச்சை. நான் உங்ககிட்ட எரக்கம் கேக்கல, உங்க காதக் கேட்டேன். வந்து கேட்டப்புறமும் மனுசன்தான்னு தோணினா மரத்தடியில அதையே சொல்லிட்டுப் போங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பொய் சொல்ல மட்டும் யாரும் மலை ஏற வேணாம்.

உடம்புக்கு ஏத்த கொரல்னு எழுதினது சரி. அது எங்களுக்கும் தெரியும். எங்க வூட்டு ஆடு, குட்டி கணக்கா கத்துதா? ஆனா நீங்க கூண்டுக்குள்ள வெச்சே பாத்தவர். கூண்டுக்குள்ள தொண்டை மட்டும்தான் இருக்கு. எடம் இல்ல.

எங்க சாமை வயலுக்கு மேல வானம்பாடி பறந்துக்கினே பேசும். படபடபடன்னு மூச்சு விடாம பேசும். வெட்டவெளி, தடுக்க ஒண்ணும் இல்ல. நாலு வயல் தாண்டி அத்தனையும் கேக்கும். அதே பேச்ச இருட்டோடையில பேசச் சொல்லுங்க. பத்தடி போகாது. எலையில பட்டுப் பட்டு நொறுங்கிப் போயிடும்.

நான் இன்னா பண்றேன்னு சொல்றேன் கேளுங்க. செந்தாமரை ஓடைக்கு அந்தாண்ட மாடு ஓட்டிக்கினு போயிருப்பா. மழை வருது சீக்கிரம் வாடி, சின்னக் கன்னுக்குட்டியப் பாத்துக்கோன்னு இங்கேருந்து கத்தினா அவளுக்கு ஒரு எழுத்தும் போய்ச் சேராது. அதனால வார்த்தையே கெடையாது. கொரலத் தணிச்சு ஊஊன்னு ஒரே இழுப்பா இழுப்பேன். மரம் மரமா சுத்திக்கினு அது போய்ச் சேரும். வயல்ல நிக்கிறப்போ நானே அவகிட்ட சளசளன்னுதான் பேசுறேன். தொண்டை அதேதான சாயபு?

அருவிகிட்ட போனா அந்த ஊஊவும் ஒதவாது. தண்ணி கீழ்க்கொரல்ல இரையுது, நம்ம தணிஞ்ச சத்தம் அதுக்குள்ள முழுகிடும். அதுக்கு மேல ஏறி வீல்னு கத்தணும். நீங்க அருவியில பாத்தீங்களே, தகரத்துல ஆணி கீறுதுன்னு, அது இந்தக் குருவியேதான். தண்ணி இரைச்சலத் தாண்டணும்னு அங்க கீறுது. உள்ள எலைக்காட்டுக்குள்ள வந்து உக்காந்தா இழுத்து, நீட்டி, மனுசனாட்டம் சீட்டியடிக்குது. நீங்க அத வாசல்ல பாத்துட்டு வூட்டுக்குள்ள இருக்கிறது வேற ஆளுன்னுட்டீங்க.

இது தெரியாம சொன்னீங்க. அத நான் என்னைக்கோ பொறுத்துக்கினேன். நான் பொறுக்காதது வேற.

கோர்ட்ல வக்கீல் என்னைக் கேட்டார். அந்தக் குருவி எப்படிக் கூவும், நீயே கூவிக் காட்டும்மான்னார். என் புள்ளை கூண்டுல நிக்கிறான். நான் வெக்கத்த விட்டுட்டு உதட்டக் குவிச்சு அடிச்சுக் காட்டினேன். ஜனம் எல்லாம் சிரிச்சுது. வக்கீல் சிரிச்சார். அவங்க எனக்கு யாரோ. நான் உங்களப் பாத்தேன். பச்சைக்கரை துண்டு போட்டிருந்தீங்க. அந்தத் துண்ட எடுத்து வாயில வெச்சீங்க. உங்க தோள் ரெண்டும் குலுங்குச்சு. என் கையால பதினோரு வருசம் சாமைச்சோறு தின்னவர் நீங்க. எனக்குப் பாதியில சீட்டி நின்னு போச்சு. மூணாவது படியில நின்னுச்சு. அதுக்கு அப்புறம் நான் அடிச்சதே இல்ல.

அதுதான் விசயம்.

அம்மாக்கண்ணு


வாணியம்பாடி
3-9-1963

அன்புத் தங்கைக்கு, அண்ணன் சனாவுல்லா எழுதுவது.

உன் கடிதத்துக்குக் கோபமாகப் பதில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி மாவு மில் வந்தது. காலை எட்டு மணிக்கு மோட்டார் போட்டால் பகல் முழுதும் அடித்தொண்டையில் இரைந்துகொண்டே இருக்கும். என் கொண்டைக்குருவி அந்தச் சுவர்ப்பக்க ஜன்னலில்தான் தொங்குகிறது. ஒரு வருடமாக அதன் குரல் ஏறிப்போய்விட்டது என்று நான் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். வயதாகிறது, தொண்டை கெட்டுவிட்டது என்று நினைத்து வெந்தயத் தண்ணீர் கூட வைத்தேன். பத்ருன்னிசா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். கூண்டைக் கழற்றிக்கொண்டுபோய்ப் பின்கட்டில், கிணற்றடி மாமரத்தில் மாட்டினாள். அங்கே மில் சத்தம் வராது. மூன்றாம் நாள் காலையில் கேட்டேன். குரல் இறங்கியிருந்தது. பழைய குரல். திரும்ப ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். மோட்டார் போட்டார்கள், குரல் ஏறியது. நான்கு தடவை அங்கும் இங்கும் மாற்றிவிட்டேன். ஐந்தாவது தடவை பத்ருன்னிசா கூண்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, நாற்பது வருடமாகக் கூண்டுக்குள்ளேயே பார்த்தீர்களே, ஒரு நாளாவது வெளியே பார்த்தீர்களா என்று கேட்டாள்.

ஆகவே நீ சொல்வது நடக்கக்கூடியது என்று ஒப்புக்கொள்கிறேன். அன்று நடந்தது அதுதானா என்பதை இங்கே உட்கார்ந்து சொல்ல என்னால் முடியாது. அதுவும் நீ சொன்னதுதான்.

இருந்தாலும் கேட்கிறேன். இந்த விவரம் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, சத்தியம் வைத்து, நான் அனுப்பினால் உன் நாட்டார் ஏற்கமாட்டாரா? முழங்காலைச் சாக்கு சொல்கிறேன் என்று நினைக்காதே. சாக்கும்தான். சத்தியம் செய்து சொன்ன வார்த்தையை ஒரு ஊரே உட்கார்ந்திருக்கும்போது தப்பு என்று சொல்வது, என்னைப் போன்ற ஒருவனுக்கு மலை ஏறுவதைவிடக் கஷ்டம்.

சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நினைவில்லை அம்மா. சிரித்திருக்கமாட்டேன்.

சனாவுல்லா


நெல்லிமரத்தூர்
12-9-1963

சாயபுக்கு,

நாட்டார்கிட்ட உங்க கடிதாசியப் படிச்சுக் காட்டினேன். காகிதத்துக்கு வாய் கெடையாதுன்னுட்டார். அவர் சொல்லாம இருந்தாலும் நான் ஒத்துக்கமாட்டேன்.

நெனப்பு இல்லையா? உங்க சட்டையில மேலருந்து ரெண்டாவது பித்தான் இல்ல. அந்த எடத்துல வெள்ளை நூல் தொங்கினுருந்துச்சு. உங்களுக்கு இடதுகைப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா உக்காந்திருந்தார். அவரும் சிரிச்சார், ஆனா அவர் வாய மூடல. மூடினது நீங்கதான். இன்னும் வேணுமா?

புரட்டாசி ரெண்டாவது சனிக்கெழமை ஊர் கூடுது. வியாழக்கெழமையே ஆலங்காயத்துக்கு பஸ்ல வந்துடுங்க. பஞ்சாட்சரமும் அவன் தம்பியும் டோலி எடுத்துக்கினு காத்திருப்பாங்க. உங்க முழங்கால அவங்க தோள் பாத்துக்கும். நாட்டார் வூட்ல தங்கலாம். எங்க வூட்ல எடம் இல்ல.

இன்னொண்ணு. இது நாட்டார் கேட்டது இல்ல, நான் கேக்கிறது. குருவிதான்னு உங்க காதுக்குப் பட்டுச்சுன்னா, வாயால சொன்னா மட்டும் பத்தாது. ஊர் முன்னாடி நீங்க அந்தச் சீட்டிய அடிச்சுக் காட்டணும். நான் அடிச்ச மாதிரி. நாலாவது படி வரைக்கும்.

அம்மாக்கண்ணு


வாணியம்பாடி
5-10-1963

தங்கை அம்மாக்கண்ணுக்கு, சனாவுல்லா எழுதுவது.

உயிரோடு வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. பத்ருன்னிசா உப்பு ஒத்தடம் கொடுக்கிறாள்.

மூன்று நாள் உன் ஊரில் இருந்தும் நீ என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சாப்பாடு மட்டும் வந்தது. சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் உன் கைப்பக்குவம்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மூன்று நாளும் உப்பு இல்லை. நாட்டாரிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

நீ ஓடைக்கு வரவில்லை. அங்கே நடந்ததை உனக்கு நான்தான் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியலில் பஞ்சாட்சரம் என்னைக் கொண்டுபோய் அருவிக்குப் பக்கத்துப் பாறையில் உட்காரவைத்தான். குருவி வந்தது. ஈரப் பாறையில் வாலை விரித்து மூடியது. க்ரீ என்றது. எனக்குத் தெரிந்த அதே ஆணி. ஒரு மணி நேரம் அதையேதான் கேட்டேன். எழுந்து, பஞ்சாட்சரம், போதும், நான் சொன்னதுதான் சரி, சாயங்காலமே என்னைக் கீழே இறக்கிவிடு என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, அக்கா இதை எதிர்பார்த்து ஒரு பேச்சு சொல்லி அனுப்பியிருக்கு என்றான். அருவியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் அது வந்த கணக்கில் சேராது, உள்ளே போகச் சொல் என்று நீ சொன்னாயாம்.

சனிக்கிழமை இருட்டிலேயே உள்ளே போனோம். அந்த இடத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை. கைநீட்டினால் கை தெரியாத அளவுக்கு இலை அடர்ந்திருந்தது. அருவி எங்கோ கம்பளிக்குப் பின்னால் இருப்பது போல இரைந்தது. சின்னப் பறவைகள் பேசுவது பக்கத்து மரத்தோடு நின்றுபோயிற்று. எனக்கு மேலே, நான்கு ஆள் உயரத்தில் இருந்து அது வந்தது.

மூன்று படி ஏறியது. நான்காவதில் நின்றது, பாட்டை மறந்ததுபோல. திரும்ப முதலிலிருந்து.

கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் பஞ்சாட்சரம் விரலை நீட்டிக் காட்டினான். கிளையில் அதே கறுப்பு, அதே நீலம். தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. இதைத்தான் அன்று உன் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. சக்கரவர்த்தி அங்கே கெடேரிதான் தேடினான்.

மரத்தடியில் நான் சொன்னதை நீ கேட்டாய். சத்தியம் வைத்துத் தப்பாகச் சொன்னேன், அது பறவை, அந்தப் பையன் மேல் குற்றமில்லை என்றேன். நினைத்ததைவிட அது சுலபமாகத்தான் இருந்தது. பிறகு சீட்டி. எனக்கு முன்பல் மூன்று இல்லை என்பதை நான் மறந்திருந்தேன். உதட்டைக் குவித்தேன், காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் எச்சிலும் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்கள். நாட்டார் துண்டை எடுத்து வாயில் வைத்தார். அவர் தோள் குலுங்கியது.

அப்போது எனக்குப் பச்சைக்கரை துண்டு நினைவு வந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். அது எப்போதும் நினைவில்தான் இருந்தது அம்மாக்கண்ணு. நினைவில்லை என்று எழுதியதுதான் பொய். அன்று சீட்டி அடித்து நீ என்னைப் பார்த்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் பதிமூன்று வருடம் மலைப்பக்கம் வரவில்லை. கடுக்காயைக்கூட வேறு மலையில் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் தடவை உதட்டைக் குவித்தபோது பெண்கள் வரிசையில் இருந்து நீ எழுந்து நின்றாய். என்னைத் திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீ அடித்தாய். மூன்று படி, பிறகு நான்காவதும். சிரித்துக்கொண்டிருந்த ஊர் அடங்கிவிட்டது. நீ உட்கார்ந்துவிட்டாய். நான் அன்றைக்கே டோலியில் ஏறிவிட்டேன். நீ ஏன் எழுந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை.

சனாவுல்லா


நெல்லிமரத்தூர்
2-2-1964

அண்ணனுக்கு, அம்மாக்கண்ணு எழுதுறது.

இங்க எல்லாரும் சொகம். உங்க சொகம் எழுதுங்க. முழங்காலுக்கு நொச்சி எலைய வதக்கிக் கட்டச் சொல்லுங்க. உப்பு ஒத்தடம் ஒண்ணும் பண்ணாது.

நாலு மாசமா பதில் போடலையேன்னு நெனச்சிருப்பீங்க. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடியாம உங்களுக்கு எழுதினா அது நடு வழியில நிக்கிற பேச்சு.

சக்கரவர்த்தி ஐப்பசியில வந்தான். நாட்டாரே செங்கத்துக்கு ஆள் அனுப்பினார். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் எறங்கிப் போச்சு. ஊர் எல்லையில நின்னுக்கினு உள்ள வரமாட்டேன்றான். நாட்டார் போய் அவன் கையால ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சார். அப்புறம்தான் காலெடுத்து வெச்சான். செந்தாமரைக்கு அவனோட என்ன பேசுறதுன்னு தெரியல. சந்தையில பேசுன மாதிரியே, வந்தீங்களா, சாப்பிட்டீங்களா, எப்ப போவீங்கன்னு கேட்டுட்டா. போகலன்னான். அவ உள்ள ஓடிப்போய்ட்டா.

போன பதினெட்டாம் தேதி பந்தல்ல அவன் கையாலதான் தண்ணி ஊத்தினான். எறங்கின தோளோட ஊத்தினதுல பாதி கீழ போச்சு. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க போதும் போதும்னாங்க. நான் போதாதுன்னு சொல்லி இன்னொரு செம்பு ஊத்த வெச்சேன்.

நான் ஏன் எழுந்தேன்னு கேட்டிருந்தீங்க. உங்களப் பாத்து ஊர் சிரிக்கிறத உக்காந்து பாக்கணும்னுதான் அந்தப் பேச்சையே வெச்சேன். அதுக்காகத் தலை சீவிப் பூ வெச்சுக்கினு, முன்வரிசையில எடம் புடிச்சு உக்காந்திருந்தேன். சிரிச்சாங்க. நல்லாத்தான் சிரிச்சாங்க. என் காதுக்கு அது புடிக்கல. நீங்க தப்பா அடிச்சதும் புடிக்கல. அதான் எழுந்தேன். அதுல வேற ஒண்ணும் இல்ல.

நீங்க பொய்யின்னு ஒத்துக்கினத ரெண்டு தரம் படிச்சேன். உங்க சிரிப்ப நான் மறக்கல. மறக்கிற ஜாதி நான் இல்ல. இப்போ அதுக்குப் பக்கத்துல உங்க பல்லில்லாத சீட்டியையும் வெச்சிருக்கேன். நெனப்பு வந்தா ரெண்டும் சேந்துதான் வருது. மொதல்ல வர்றது எதுன்னு மட்டும் நாளுக்கு நாள் மாறுது.

உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணு இருக்கு. மறைக்கக் கூடாது. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் சக்கரவர்த்தி கேட்டான். சாயபு மாமா நிஜமாவே அடிச்சுக் காட்டினாரா, எப்படி அடிச்சார்னான். நான் உதட்ட உள்ள மடிச்சுக்கினு, பல்லில்லாம எப்படி அடிச்சீங்களோ அப்படியே அடிச்சுக் காட்டினேன். எச்சில் தெறிச்சது வரைக்கும். அவன் சிரிச்சான். பதிமூணு வருசத்துக்கு அப்புறம் இந்த வூட்டுல அவன் சிரிச்ச சத்தம் அன்னைக்குத்தான் கேட்டுச்சு. கொரல் மாறிப்போச்சு, கனத்துப் போச்சு. நானும் சிரிச்சேன். தோள் குலுங்கிச்சு. துண்டு கெடைக்கல, முந்தானைய வெச்சுக்கினேன். ஆகமொத்தம் நாங்களும் உங்களப் பாத்துச் சிரிச்சோம். இனிமே நீங்களும் இத மனசுல வெச்சுக்கலாம்.

இந்த வருசக் கடுக்காய் நல்லா காச்சிருக்கு. இத்தனை நாளா சேட்டு மண்டிக்குப் போட்டுக்கினு இருந்தேன். அவன்கிட்ட இந்த வருசம் இல்லன்னு சொல்லிட்டேன். மாசியில உங்க மண்டிக்கு சக்கரவர்த்தியே கொண்டு வருவான். அவனப் பாக்கப் பயந்துக்கினு பின்கட்டுல போய் உக்காந்துக்காதீங்க.

பஞ்சாட்சரம் கையில ஒரு கலயம் குடுத்து அனுப்பியிருக்கேன். கல்யாணத்துக்குப் போட்ட புளித்தொக்கு. அண்ணிக்கும் குடுங்க.

இதுல உப்பு போட்டிருக்கேன்.

உங்க தங்கச்சி,
அம்மாக்கண்ணு